ஏற்காட்டு மூடுபனியில் குரோஷே போர்வை காயவே மாட்டேன் என்கிறது

வணக்கம். கொக்கி ஊசியால் கையில் பின்னிய போர்வை, 5 அடிக்கு 6 அடி. நடுப்பகுதி பருத்தி நூல், ஓரம் மட்டும் அக்ரிலிக் என்ற செயற்கை நூல். ஐப்பசி மழை பிடித்த பிறகு துவைத்தது. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கிறது. குமிழ் மாதிரி தடித்துப் புடைத்து நிற்கும் பாப்கார்ன் தையல்களை அழுத்தினால் உள்ளே சில்லென்று ஈரம். இப்போது புளித்த வாடையும் வர ஆரம்பித்துவிட்டது.

செய்தவை: வலைப்பையில் போட்டு, முன்பக்கம் திறக்கும் மெஷினில் குளிர்ந்த நீர், மென்துணி முறை, சுழல் வேகம் நிமிடத்துக்கு 400 சுற்று. முறுக்கிப் பிழியவில்லை, துண்டில் சுருட்டி அழுத்தி எடுத்தாயிற்று. வாடைக்கு மறுபடி அலசி, கடைசித் தண்ணீரில் அரை கப் வெள்ளை வினிகர். கயிற்றுக் கட்டிலில் விரித்து, கீழேயும் மேலேயும் ஃபேன், அவ்வப்போது திருப்பிப் போடுவது. கொடியில் போட முடியாது, ஈரக் கனத்தில் தையல் இழுத்து நீண்டுவிடும். (அதைத்தான் எல்லோரும் முதலில் சொல்கிறார்கள்!) இஸ்திரியும் வேண்டாம், சூடு பட்டால் அக்ரிலிக் தொய்ந்து பளபளவென்று ஆகிவிடும், பிறகு பழையபடி வராது.

சேலத்துக்கு இறக்கி வெயிலில் போடலாம் என்றால் அங்கேயும் மழை. அங்கே ஒரு சலவைக்கடையில் டம்பிள் டிரையர் (துணியைச் சுழற்றிக் காற்றில் காயவைக்கும் மெஷின்) இருக்கிறது. குறைந்த சூட்டில் வைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். பருத்தி சுருங்கி, அக்ரிலிக் ஓரம் சுருங்காமல் நின்றால் விளிம்பு அலை அலையாகிவிடுமே என்பதுதான் தயக்கம்.

இப்படிக் கலந்த நூல் போர்வையை டம்பிள் டிரையரில் சூடில்லாத வெறும் காற்றில் மட்டும் சுற்றவிட்டால், தடித்த தையலின் உள் ஈரம் போகுமா?