பியூட் நகரத்து ஜான் சல்லிவன்: அயர்லாந்தில் எந்த ஊர்?

வசந்தி, சியாட்டில்:

வணக்கம். என் மாமியாருக்கு 84 வயது. தன் தாத்தா அயர்லாந்தில் எந்த ஊர்க்காரர் என்று தெரியாமல் கண்ணை மூட மாட்டேன் என்கிறார். பிள்ளைகள் நழுவிவிட்டார்கள், வேலை மருமகள் தலையில் விழுந்தது.

தாத்தாவின் பெயர் ஜான் சல்லிவன். மொன்டானா மாநிலத்தில் பியூட் என்ற ஊரின் தாமிரச் சுரங்கத்தில் வேலை. 1911இல் இறந்தபோது மாமியாரின் அப்பாவுக்கு ஒன்பது வயது. 1900ஆம் ஆண்டின் அமெரிக்கக் கணக்கெடுப்பில், பிறந்தது 1872, வந்தது 1895 என்று இருக்கிறது. பிறந்த இடம்: அயர்லாந்து. அவ்வளவுதான். "முருகன், இந்தியா" என்று சீட்டில் எழுதிக் கொடுத்து ஆளைத் தேடச் சொன்ன கதை!

கப்பலில் வந்து இறங்கியவர்களைச் சோதித்து அமெரிக்காவுக்குள் விட்ட எல்லிஸ் தீவில் ஓர் அதிகாரி 'ஓ'சல்லிவன்' என்ற பெயரிலிருந்து 'ஓ'வை வெட்டிவிட்டார் என்பது வீட்டில் சொல்லும் கதை. ஓர் இணையதளத்துக்கு அறுபது டாலர் கட்டினேன். குலச்சின்னம் ஒன்றை அனுப்பினார்கள். அது இப்போது மாமியாரின் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது. 1922இல் டப்ளினில் ஆவணங்கள் எல்லாம் எரிந்துவிட்டன என்கிறார்களே, இனித் தேடிப் பயனுண்டா?

இராமநாதன் (ஓய்வுபெற்ற நூலகர்):

அம்மா, ஊர் தெரியாது என்கிறீர்கள். பியூட், சல்லிவன், தாமிரம் என்ற மூன்று சொற்களிலேயே பாதி வழி சொல்லிவிட்டீர்கள்.

கார்க் மாவட்டத்தின் மேற்குக் கோடியில் பேரா தீபகற்பம் இருக்கிறது. அங்கே அலிஹீஸ் என்ற ஊரில் 1812 முதல் தாமிரம் வெட்டினார்கள். 1880களில் சுரங்கம் முடங்கியதும், வேலை தெரிந்த கைகள் பியூட்டுக்குக் கூட்டமாகப் போயின. அங்கே சுரங்க முதலாளி மார்கஸ் டேலியே அயர்லாந்தில் பிறந்தவர். பேரா சல்லிவன்களின் கோட்டை. உறுதி என்று சொல்லவில்லை. தேட வேண்டிய முதல் இடம் அதுதான்.

எல்லிஸ் தீவுக் கதையை மறந்துவிடுங்கள். பயணிகள் பட்டியலைக் கப்பல் நிறுவனத்தார் புறப்படும்போதே எழுதிவிடுவார்கள். தீவில் இருந்தவர்கள் அதை வைத்துக்கொண்டு சரிபார்த்தார்கள். 'ஓ'வை அயர்லாந்திலேயே பலர் எப்போதோ உதிர்த்துவிட்டார்கள்.

தீயில் போனது ஏராளம். 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி அதில்தான் அழிந்தது. ஆனால் 1864 முதலான பிறப்புப் பதிவுகள் வேறிடத்தில் இருந்ததால் தப்பின. அரசுத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 1901, 1911 கணக்கெடுப்புகளும் அப்படியே. முதலில் அமெரிக்காவில் அவருடைய திருமணப் பதிவை எடுங்கள். தாய் தந்தை பெயர் இல்லாமல் அயர்லாந்துப் பக்கம் போனால் ஜான் சல்லிவன்கள் உங்களை மூழ்கடித்துவிடுவார்கள்.

ஜெரால்ட், தூத்துக்குடி:

கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள் அந்தந்தக் கோவிலில் இருந்ததால் நெருப்புக்கு எட்டவில்லை. அயர்லாந்தின் தேசிய நூலகம் 2015இல் அவற்றின் படங்களை இணையத்தில் போட்டுவிட்டது. ஞானஸ்நானக் குறிப்பு பல இடங்களில் லத்தீனில் இருக்கும். ஜான் அங்கே யோவான்னெஸ் ஆகிவிடுவார். ஞானப்பெற்றோர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அத்தை மாமன்தான். மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயரை வைப்பது அங்கும் வழக்கம். பேரன் என்றால் பெயரன் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை அல்லவா?

இன்னொன்று. 1850களின் கிரிஃபித் நில மதிப்பீட்டில் ஒரே ஊரில் இரண்டு ஜான் சல்லிவன் இருந்தால், தந்தை பெயரை அடைப்புக்குறியில் சேர்த்திருப்பார்கள். நம் இனிஷியல்தான்.

வசந்தி, சியாட்டில்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். 1901ஆம் ஆண்டுத் திருமணப் பதிவு கிடைத்தது. தந்தை டானியல் சல்லிவன். தாய் மேரி, பிறந்த வீட்டுப் பெயரும் சல்லிவன்! அதைப் பார்த்து அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

1872ஐச் சுற்றி இந்தப் பெற்றோருக்குப் பொருந்தும் ஜான்கள் பேராவில் இரண்டு பேர். ஒருவனின் தந்தை விவசாயி. இன்னொருவனின் தந்தை தொழில், அலிஹீஸ் பக்கம், "சுரங்கத் தொழிலாளி". பதிவு செய்யச் சொன்னவர் தாய். கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி. மூத்த பேரனுக்கும் டானியல் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள் (மாமியாரின் பெரியப்பா). ஆனாலும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. 1901 கணக்கெடுப்பில் அதே ஊரில் விதவை மேரி சல்லிவன், 56 வயது, எழுதப் படிக்கத் தெரியாது, ஐரிஷும் ஆங்கிலமும் பேசுவார். 1911இல் அதே வீடு, அதே மேரி, வயது 71. பத்து ஆண்டில் பதினைந்து வயது எப்படிக் கூடும்? இது வேறு ஆளா?

இராமநாதன் (ஓய்வுபெற்ற நூலகர்):

அதே ஆள்தான், அம்மா. 1909 சனவரியில் 70 வயதானவர்களுக்கு முதியோர் ஓய்வூதியம் வந்தது. ஊரே ஒரே நாளில் மூப்படைந்துவிட்டது.

வசந்தி, சியாட்டில்:

மாமியாரிடம் படித்துக் காட்டினேன். "அப்படியென்றால் எங்கள் குடும்பம்தான், சந்தேகமே இல்லை" என்றார். விவசாயி மகன் ஜானையும் விடாமல் பார்த்துவிடுகிறேன். குலச்சின்னம் இன்னும் குளிர்சாதனப் பெட்டியில்தான் இருக்கிறது.