வெளிவராத ஆய்வை வேறு துறைக்காரரிடம் காட்டலாமா? (அடிக்குறிப்பு, தரவுப்பித்தன், சோதனைக்குழாய் என்ற புனைபெயர்களில் மூவர் உரையாடல்)

அடிக்குறிப்பு:
பிஎச்டி மாணவர்கள் துறை தாண்டிக் கூடிப் பேசுவது நல்லதுதான். ஆனால் வெளிவராத முடிவுகளை அங்கே காட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. முதல் பேப்பர் இதழுக்குப் போகட்டும், பிரீபிரிண்ட்டும் (இதழில் வருமுன் இணையத்தில் இடும் பிரதி) ஏறட்டும், பிறகு தாராளமாகப் பேசலாம். திருட்டுப் பயம் மட்டும் காரணம் அல்ல. காப்புரிமைக்கு வாய்ப்புள்ள வேலையை, ரகசிய ஒப்பந்தம் இல்லாமல் பத்துப் பேர் முன்னால் ஸ்லைடில் காட்டினாலே அது பொதுவெளியீடாகிவிடலாம். அமெரிக்காவில் கண்டுபிடித்தவரே வெளியிட்டால் ஓராண்டு அவகாசம் உண்டு. ஐரோப்பியக் காப்புரிமையில் அப்படிப் பொதுவான அவகாசம் இல்லை, போனது போனதுதான்.

தரவுப்பித்தன்:
காப்புரிமை வாய்ப்பு இருந்தால் வாயைத் திறக்க வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெரும்பாலான ஆய்வேடுகளில் அந்தப் பேச்சே எழாது. பேப்பர் முடிந்தபின் காட்டினால் பாராட்டு கிடைக்கும், உதவி கிடைக்காது. வேறு துறைக்காரர் கைகொடுக்கும் இடம் சோதனையை வடிவமைக்கும் கட்டம். மூன்று தொட்டிகளில் தொட்டிக்குப் பத்து மீன், மருந்து கலந்தது தொட்டி நீரில் என்றால், ஒரு தொட்டி மீன்கள் எல்லாம் ஒரே நீரில் இருப்பதால் அங்கே மாதிரி எண்ணிக்கை 30 அல்ல, 3. புள்ளியியல் தெரிந்தவர் இதை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். ஓராண்டு அளந்து முடித்தபின் தெரியவந்தால் எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது.

துறைகளுக்கு நடுவில் விடை கேட்பாரற்றுக் கிடப்பதும் உண்டு. மீன் எண்ணெய் இரத்தத்தின் பிசுபிசுப்பைக் குறைக்கும் என்று ஒரு பக்கம் கட்டுரைகள். ரேனாட் நோயாளிகளுக்கு (குளிரில் விரல்களுக்கு இரத்த ஓட்டம் குறையும் நோய்) அந்தப் பிசுபிசுப்பு அதிகம் என்று இன்னொரு பக்கம். 1986இல் தகவல் அறிவியலாளர் டான் ஸ்வான்சன்தான் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்.

அடிக்குறிப்பு:
ஸ்வான்சன் உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது, நண்பரே. அவர் சேர்த்தவை எல்லாமே அச்சில் வந்த கட்டுரைகள். யாருடைய வெளிவராத கோப்பும் அவருக்குத் தேவைப்படவில்லை. தொட்டிக் கணக்கைக் கேட்கவும் முடிவு தேவையில்லை, வடிவமைப்பைச் சொன்னால் போதும்.

சோதனைக்குழாய்:
நீங்கள் இருவரும் காட்டலாமா கூடாதா என்றே நிற்கிறீர்கள். கூட்டு முயற்சிகள் உடைவது பெரும்பாலும் வேறு இடத்தில்ங்க.

முதலில் ஃபைல். எக்செல் தேதியென்று நினைத்து மரபணுப் பெயர்களையே மாற்றிவிடும். அதனால்தான் 2020இல் மார்ச்1, செப்ட்2 போன்றவற்றுக்குப் பெயரையே மாற்றினார்கள். துறைக்குள் இருப்பவருக்கு இது தெரியும், வெளியாளுக்குத் தெரியாது. விடுபட்ட மதிப்புக்கு -999 போடும் பழக்கமும் அப்படித்தான்: தெரியாதவர் அதையும் சேர்த்துச் சராசரி எடுத்துவிடுவார். எந்த ஃபைல் போனாலும் கூடவே ஒரு ரீட்மீ (விளக்கக் குறிப்பு) போக வேண்டும். ஒவ்வொரு நெடுவரிசையும் என்ன, அலகு என்ன, விடுபட்டதற்குக் குறி என்ன, எந்தக் கருவியில் அளந்தது. தேதி 2021-04-03 என்ற வடிவில் மட்டும். 03/04 என்று எழுதினால் ஏப்ரலா மார்ச்சா என்று ஆளுக்கொரு விதமாகப் படிப்பார்கள்.

அடுத்து பெயர் வரிசை. கணிதத்திலும் பொருளியலிலும் அகர வரிசை வழக்கம். உயிரியலில் கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. கணினியியலில் மாநாட்டுக் கட்டுரையே முழு வெளியீடு. உயிரியலில் மாநாட்டுச் சுருக்கத்தை யாரும் பேப்பராக எண்ணுவதில்லை. இதைப் பேசாமல் தொடங்கினால் எட்டாவது மாதம் சண்டை வரும். முதல் ஃபைல் போகும் முன்பே ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: யார் எதைச் செய்வது, முதல் பெயர் யாருக்கு, எங்கே அனுப்புவது, ஒருவர் விலகினால் தரவு யாரிடம். பங்குகளைப் பிரிக்க கிரெடிட் (CRediT) என்ற ஆசிரியர் பங்களிப்பு வகைப்பாட்டின் 14 பங்குகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

அடிக்குறிப்பு:
அந்த ஒரு பக்கத்தில் கையெழுத்துப் போட மாணவருக்கு அதிகாரம் உண்டா? பல இடங்களில் தரவு கைடின் பொறுப்பில் அல்லது நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. கைடு கையெழுத்தில்லாத தாள் வெறும் தாள். மனிதர்களிடம் எடுத்த நேர்காணல் என்றால் நெறிமுறைக் குழு அனுமதியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் தொடலாம். ‘பெயரை அழித்துவிட்டேன்’ என்பதும் செல்லாது. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றை மட்டும் வைத்தே அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண வாய்ப்புண்டு என்று கணினியியலாளர் லதான்யா ஸ்வீனி 2000இல் கணக்கிட்டுக் காட்டினார்.

தரவுப்பித்தன்:
அதற்கு வழி இருக்கிறது. உண்மைத் தரவை அனுப்பவே வேண்டாம். அதே நெடுவரிசைகள், அதே அலகுகள், மதிப்புகள் மட்டும் கற்பனையாக 20 வரிசை தயார் செய்யுங்கள். மற்றவர் அதை வைத்து நிரல் எழுதித் தருவார், உண்மைத் தரவில் ஓட்டுவது நீங்கள். இரண்டு மூன்று வரிசைகளில் வேண்டுமென்றே விடுபட்ட மதிப்பும் எழுத்துப் பிழையும் வையுங்கள். இல்லாவிட்டால் நிரல் சுத்தமான தரவில் மட்டுமே ஓடும்.

யோசனை பறிபோகும் என்ற பயத்துக்கு: ஓப்பன் சயின்ஸ் ஃப்ரேம்வொர்க் என்ற இணையதளத்தில் ஆய்வுத் திட்டத்தைப் பதிவு செய்து நான்கு ஆண்டு வரை மறைத்து வைக்கலாம். தேதி பதிவாகிவிடும்.

அடிக்குறிப்பு:
கற்பனை வரிசை யோசனையை ஏற்கிறேன். கைடுக்கும் காட்டலாம், நெறிமுறைக் குழுவும் தடுக்காது. பதிவுத் தேதியில் எனக்கு நம்பிக்கை இல்லை. அது நீங்கள் முதலில் நினைத்தீர்கள் என்று நிரூபிக்கும். வேறொரு பெரிய ஆய்வகம் மூன்று மாதத்தில் செய்து முடிப்பதைத் தடுக்காது. ஆய்வேட்டுக்குப் புதுமை வேண்டும், அதைத் தேதியால் மீட்க முடியாது.

சோதனைக்குழாய்:
சரி, அப்படியென்றால் முதல் சந்திப்பில் என்ன பேசுவது? குயீன்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய மூன்று நிமிட ஆய்வேட்டுப் போட்டி மாதிரி, ஒரே ஸ்லைடு என்பது நல்ல கட்டுப்பாடு. ஆனால் அது பொதுமக்களுக்கானது, முடிவை விற்பது. உதவி வேண்டுமென்றால் பத்து நிமிடம் எடுங்கள். நான்கு நிமிடம் கேள்வி, மூன்று நிமிடம் முறை, மீதி மூன்றும் எங்கே சிக்கியிருக்கிறீர்கள் என்பதற்கு. முடிவு வரைபடம் வேண்டாம். அச்சுகளை மட்டும் வரைந்து காலியாக விடுங்கள். ‘மாதிரி’ என்றால் உங்களுக்கு சாம்பிளா மாடலா என்பதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அடிக்குறிப்பு:
காலி அச்சுகளோடு என்றால் எனக்குத் தடையில்லை.