இரண்டு வயதுக் குழந்தைக்குக் கற்றல் செயலி: பிளே ஸ்கூல் கேட்கும் சந்தாவைக் கட்டலாமா?

கேள்வி: கோவை அம்மா

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு இரண்டு வயது நான்கு மாதம் ஆகிறது. நானும் கணவரும் வேலைக்குச் செல்வதால் பகலில் மாமியார்தான் அவளைப் பார்த்துக்கொள்கிறார். காலையில் சில மணி நேரம் மட்டும் வீட்டுக்கு அருகிலுள்ள பிளே ஸ்கூலுக்குப் போய்வருகிறாள். அண்மையில் நடந்த பெற்றோர் கூட்டத்தில், எழுத்து, எண், நிறம், வடிவம் ஆகியவற்றை இந்த ஆண்டு முதல் ஒரு செயலி வழியாகவும் கற்பிக்கப் போவதாக அறிவித்தார்கள். குழந்தை வீட்டில் நாள்தோறும் அரை மணி நேரம் அதைப் பயன்படுத்த வேண்டும், அவள் எத்தனை நட்சத்திரம் பெற்றாள் என்ற விவரம் ஆசிரியைக்குப் போய்ச் சேரும், ஆண்டுச் சந்தாவைப் பள்ளிக் கட்டணத்தோடு சேர்த்துச் செலுத்திவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

என் நாத்தனாரின் மகனுக்கும் ஏறக்குறைய இதே வயதுதான். அவன் அப்படியொரு செயலியைப் பார்த்தே ஆங்கிலத்தில் இருபது வரை சொல்கிறான், அறுகோணத்தைக் காட்டினால் ‘ஹெக்சகன்’ என்கிறான். அதைக் கேட்டதிலிருந்து மாமியாருக்கு, நம் பாப்பா பின்தங்கிவிடுவாளோ என்ற கவலை பிடித்துக்கொண்டது. எனக்கோ வேறு கவலை. ஏற்கெனவே மதியச் சாப்பாட்டுக்குக் கைபேசியில் பாட்டு ஓடினால்தான் வாய் திறக்கிறாள். அதன்மேல் இதுவும் சேர வேண்டுமா? வெறுமனே பார்க்கும் காணொளியும் விரலால் தொட்டு விளையாடும் செயலியும் ஒன்றுதானா? திருநெல்வேலியில் இருக்கும் என் பெற்றோருடன் இரவில் வீடியோ அழைப்பில் பேசுகிறாளே, அதையும் திரை நேரத்தில் சேர்க்க வேண்டுமா? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: மதுரை, பேச்சு-மொழிப் பயிற்சியாளர்

சந்தா கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் பள்ளியில் பேசும்போது உங்களுக்கு அது தேவைப்படும்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே கூடாது, ஒரு வயதுக் குழந்தைக்கும் அது பரிந்துரைக்கப்படவில்லை, இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, அதற்கும் குறைவாக இருந்தால் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. சுவீடனின் பொதுச் சுகாதாரத் துறையும் 2024-இல் இரண்டு வயது வரை திரை வேண்டாம், ஐந்து வயது வரை அதிகபட்சம் ஒரு மணி நேரம் என்று அறிவித்தது. உங்கள் மகளுக்குச் சாப்பாட்டு நேரப் பாட்டு அரை மணி, செயலி அரை மணி என்று கணக்குப் போட்டால் அந்த ஒரு மணி நேரம் அப்படியே தீர்ந்துவிடுகிறது. ஆனால் மணிக்கணக்கை மட்டும் வைத்து நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த அரை மணி நேரத்தில் இந்த வயதுக் குழந்தை என்ன கற்கிறாள் என்பதுதான் பெரிய கேள்வி.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பட்ரீசியா கூல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு எங்கள் துறையில் எல்லோரும் படிப்பது. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் சிலருடன் மாண்டரின் என்ற சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து 12 அமர்வுகள் விளையாடினார்கள், கதைப் புத்தகம் படித்துக் காட்டினார்கள். அக்குழந்தைகள் மாண்டரின் ஒலிகளை வேறுபடுத்தி அறியக் கற்றுக்கொண்டார்கள். அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் திரையில் மட்டும் பார்த்த குழந்தைகளிடம் அந்தக் கற்றல் தென்படவில்லை. குழந்தை ஒலியெழுப்பியதும் எதிரில் இருப்பவர் முகம் மலர்வதும், அவள் பார்க்கும் பொருளைத் தானும் பார்த்துப் பேசுவதும் பதிவுசெய்யப்பட்ட காணொளியில் நிகழ்வதில்லை.

உங்கள் மூன்றாவது கேள்விக்கான விடையும் இங்கேயே இருக்கிறது. 2014-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், இரண்டு முதல் இரண்டரை வயதுள்ள குழந்தைகள் புதிய வினைச்சொற்களை நேரில் பேசுபவரிடமும் கற்றார்கள், வீடியோ அழைப்பில் பேசுபவரிடமும் கற்றார்கள். முன்பே பதிவுசெய்த காணொளியிலிருந்து கற்கவில்லை. ஆகவே தாத்தா பாட்டியுடன் பேசுவதைத் தயக்கமின்றித் தொடருங்கள். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் மிகச் சிறிய குழந்தைகளுக்கும் உறவினருடனான வீடியோ அழைப்பை விதிவிலக்காகவே வைத்திருக்கிறது.

இனி, இருபது வரை சொல்லும் மருமகனைப் பற்றி. அவனைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். அவன் கையில் ஒரு கிண்ணம் பொரியுருண்டையைக் கொடுத்து, ‘மாமிக்கு மூன்று கொடு’ என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு கை நிறைய அள்ளிக் கொடுப்பான். எண்களின் பெயரை வரிசையாக ஒப்பிப்பது ஒரு திறன், ‘மூன்று’ என்றால் எவ்வளவு என்று அறிவது முற்றிலும் வேறொரு திறன். இரண்டாவது திறன் பல குழந்தைகளுக்கு மூன்று, மூன்றரை வயதுக்குப் பிறகே கைகூடுகிறது, அதுவும் ஒன்று, இரண்டு, மூன்று என்று மெல்ல மெல்ல. செயலி நட்சத்திரம் கொடுப்பது முதல் திறனுக்கு. பள்ளிக்கும் உறவினருக்கும் காட்டிக்கொள்ள ஏற்றதும் அதுவே.

காணொளியைவிடச் செயலி ஒருபடி மேல்தான், ஏனெனில் குழந்தை தொட்டதற்கு ஏதோ ஒன்று பதிலாக நிகழ்கிறது. ஆயினும் திரையில் கற்றதை உண்மைப் பொருளுக்கு மாற்றிக்கொள்வது மிகச் சிறிய குழந்தைகளுக்குக் கடினம் என்பதைப் பதினைந்து மாதக் குழந்தைகளிடம் செய்த ஆய்வுகள் காட்டின. தொடுதிரையில் பொத்தானை அழுத்தக் கற்ற குழந்தைகள், அதே பொத்தான் மெய்யான பொம்மையில் இருந்தபோது தடுமாறினார்கள். நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளோ, திரையில் பழகிய புதிரைக் கட்டைகளை வைத்தும் சரியாகச் செய்துவிட்டார்கள். ஆகவே செயலியே கூடாதென்று நான் வாதாடவில்லை. உங்கள் மகளுக்கு இன்னும் அந்த வயது வரவில்லை.

‘கல்வி’ என்ற முத்திரையை நம்பிவிடாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். செயலிக் கடைகளில் அந்தப் பிரிவைத் தேர்ந்தெடுப்பவர் செயலியை உருவாக்கியவரே. குழந்தைகளின் அறிவை வளர்க்கும் என்ற பெயரில் விற்ற பேபி ஐன்ஸ்டீன் காணொளிகளை வாங்கியவர்களுக்கு 2009-இல் டிஸ்னி பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது நினைவிருக்கலாம். அடுத்த ஆண்டே வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு குழந்தைக் காணொளியை ஒரு மாதம் பார்த்த மழலையர், அதைப் பார்க்காதவர்களைவிடக் கூடுதலான சொற்களைக் கற்கவில்லை என்று தெரிந்தது. அதிகம் கற்றவர்கள், காணொளியே இல்லாமல் பெற்றோர் அன்றாட வேலைகளுக்கிடையே சொல்லிக் கொடுத்த குழந்தைகள்.

மறுமொழி 2: சென்னை, இரு பிள்ளைகளின் தந்தை

மேலே எழுதியவர் துறை அறிந்தவர். ஆராய்ச்சி குறித்து அவருடன் வாதிட எனக்குத் தகுதியில்லை. ஆனால் இத்தகைய விவாதங்களில் ஒரு செய்தி விடுபட்டுவிடுகிறது. கூட்டுக் குடும்பம் இல்லாத, இரண்டாவது மாடி வாடகை வீட்டில், தாய் தந்தை இருவரும் வேலைக்குப் போய்த் திரும்பி, குக்கர் விசில் அடிக்கும் நேரத்தில் குழந்தை காலைக் கட்டிக்கொண்டு அழும்போது, அந்த இருபது நிமிடத்துக்குத் திரையைத் தவிர எங்களுக்கு வேறு ஆள் இல்லை. அதற்காக எந்தத் தாயும் குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை என்றே நினைக்கிறேன். அடுப்பை அணைக்கும் நேரத்துக்குத் திரையையும் அணைத்துவிட்டால் போதும்.

எங்கள் அனுபவத்தில் தொல்லை கொடுத்தது திரையைவிட, ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாகத் தொடங்குவதுதான். யூடியூப் கிட்ஸில் ஆட்டோபிளேயை நிறுத்தலாம். பெற்றோர் தேர்ந்தெடுத்தவை மட்டும் தெரியும்படியும் அமைக்கலாம். ஆண்ட்ராய்டில் ஒரே செயலி மட்டும் திறந்திருக்குமாறு பூட்டி வைக்கும் வசதியும், ஐபோனில் ‘கைடட் ஆக்சஸ்’ என்ற பெயரில் அதே போன்ற ஒன்றும் உள்ளன. விளம்பரம் வரும் இலவசச் செயலிகளை நாங்கள் முழுவதுமாக நீக்கிவிட்டோம். பொம்மை விளையாட்டுக்கு நடுவே சூதாட்ட விளம்பரம் வந்து நின்றதைப் பார்த்த பிறகு எடுத்த முடிவு அது. கான் அகாடமி கிட்ஸ் போன்று விளம்பரமோ கட்டணமோ இல்லாதவையும் இருக்கின்றன. எங்கள் மூத்தவன் ஐந்து வயதில் அதில் விளையாடியபோது நான் அருகில் உட்கார்ந்து, திரையில் வருவதைத் தமிழில் கேட்பேன், அவன் விளக்குவான். அதில் அவனுக்குப் பயன் இருந்தது என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆனாலும் இரண்டு வயதுக் குழந்தைக்கு நட்சத்திரக் கணக்கைப் பள்ளிக்கு அனுப்புவது எனக்கும் உறுத்துகிறது. இதுவரை நீங்கள் விரும்பினால் கொடுக்கலாம், விரும்பாவிட்டால் மறுக்கலாம் என்றிருந்த ஒன்று, இனிமேல் வீட்டுப்பாடமாகிவிடும். குழந்தைக்குக் காய்ச்சல் வந்த நாளில்கூட நட்சத்திரம் வாங்கித் தர நீங்கள்தான் திரையைத் தட்டிக்கொண்டிருப்பீர்கள். அவள் பெயர், பிறந்த தேதி, ஒளிப்படம் ஆகியவற்றில் எவை அந்த நிறுவனத்திடம் போகின்றன என்பதையும் எழுத்து வடிவில் கேட்டு வாங்குங்கள்.

மறுமொழி 3: ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்

மகளே, செயலியைப் பற்றி மற்றவர்கள் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். நான் சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் வீட்டில் முதலில் கவனிக்க வேண்டியது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

திரையைப் பார்த்துக்கொண்டே உண்ணும் குழந்தைக்குத் தான் என்ன உண்கிறோம், வயிறு நிறைந்ததா என்பது தெரிவதில்லை. வாய் திறந்திருக்கிறது, நாம் ஊட்டிவிடுகிறோம், அவ்வளவுதான். கைபேசியை ஒரே நாளில் பிடுங்கினால் வீடு இரண்டுபடும், மாமியாருக்கும் உங்களுக்கும் மனத்தாங்கல் வரும். அவரைக் குறை சொல்லாதீர்கள். குழந்தை ஒரு வாய் குறைத்து உண்டாலும், ‘பாட்டி ஒழுங்காக ஊட்டவில்லை’ என்ற பெயர் வந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு இருக்கும். ஆகவே, அவள் எவ்வளவு உண்டாலும் போதும், நான் கேள்வி கேட்க மாட்டேன் என்று முதலில் அவரிடம் நீங்களே சொல்லுங்கள். பிறகு படத்தை மறைத்துப் பாட்டை மட்டும் ஓட விடலாம். சில நாள் கழித்துப் பாட்டியே பாடலாம். நம் வீடுகளில் சாய்ந்தாடம்மாவும் கைவீசம்மாவும் தெரியாத பாட்டி இல்லை. தட்டில் நான்கைந்து இட்லித் துண்டுகளை வைத்து அவளையே எடுத்து உண்ண விட்டால் தரை பாழாகும், ஆனால் கை வேலை செய்யும்போது கண் கைபேசியைத் தேடுவது குறையும். முதல் சில நாள்கள் குறைவாகத்தான் உண்பாள். எடை சரியாக இருக்கும் குழந்தை என்றால் அதைக் கண்டு அஞ்ச வேண்டாம்.

பள்ளி சொல்லும் அந்த அரை மணி நேரத்தைப் பாட்டிக்கே கொடுத்துவிடுங்கள். எங்கள் மையத்தில் புளியங்கொட்டை, காலித் தீப்பெட்டி, பாட்டில் மூடி ஆகியவற்றைத்தான் வைத்திருந்தோம். இரண்டரை வயதுக் குழந்தை மூடிகளைப் பெரியவை ஒரு பக்கம், சிறியவை ஒரு பக்கம் என்று பிரித்து அடுக்கும், கலைக்கும், மறுபடி அடுக்கும். வீட்டில் உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் கொட்டி, வெங்காயத்தை மட்டும் எடுத்து வரச் சொன்னால் போதும். கொட்டை போன்ற சிறு பொருள்களை இந்த வயதில் வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்வார்கள், ஆகவே பெரியவர் ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் தொலைக்காட்சித் தொடர் ஓடாமல் இருப்பதும் முக்கியம். அது பாட்டிக்காக ஓடினாலும் பாட்டியின் பேச்சு நின்றுவிடும்.

கோவை அம்மா (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் மிக்க நன்றி. மாமியாரிடம் இவற்றைப் படித்துக் காட்டினேன். நாத்தனார் மகனை வைத்துப் பொரியுருண்டைச் சோதனையை வரும் ஞாயிற்றுக்கிழமை நடத்தியே தீருவது என்று இருக்கிறார். பள்ளியில் கேட்டதற்குச் சந்தா கட்டாயமில்லை, ஆனால் ‘பாப்பா மட்டும் தனித்துத் தெரிவாள்’ என்றார்கள். சொன்ன விதம் பிடிக்கவில்லை, ஆகவே கட்டப்போவதில்லை. இன்னொன்று கேட்க வேண்டும். அவள் தனிச் சொற்கள் நிறையப் பேசுகிறாள், ஆனால் சேர்த்துப் பேசுவது குறைவு. கைபேசியால் வந்த வினையோ என்று கணவர் கேட்கிறார்.

மதுரை, பேச்சு-மொழிப் பயிற்சியாளர்

அப்படி உறுதியாகச் சொல்ல இயலாது. பேச்சு தாமதமாகும் குழந்தை எளிதில் அமைதியடைகிறாள் என்பதற்காகவே திரையை அதிகம் கொடுத்த வீடுகளையும் நான் பார்த்திருக்கிறேன். எது முந்தியது என்பதை வெளியிலிருந்து பிரித்தறிவது கடினம். அதிகத் திரையால் ஆட்டிசம் போன்ற அறிகுறிகள் வரும் என்று சொல்லி இணையத்தில் உலவும் ‘வெர்ச்சுவல் ஆட்டிசம்’ என்ற பெயரைக் கண்டு பதற வேண்டாம், அது அங்கீகரிக்கப்பட்ட நோயறிதல் அன்று.

இரண்டு வயது முடியும்போது ஏறத்தாழ ஐம்பது சொற்களும், ‘அம்மா வா’, ‘பால் வேணாம்’ போன்ற இருசொல் தொடர்களும் இருக்கின்றனவா என்று பார்ப்போம். ஒரு வாரம் அவள் தானாகச் சொல்லும் சொற்களையும் தொடர்களையும் நீங்களும் மாமியாரும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பாடலில் வரும் சொற்களை ஒப்பிப்பதைச் சேர்க்காதீர்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்பவற்றை ஒரே கணக்கில் சேர்க்கலாம். இருசொல் தொடர்கள் ஐந்தாறுகூடத் தேறாவிட்டால் காத்திருக்க வேண்டாம். முதலில் செவித்திறன் சோதனை செய்துவிடுங்கள், ஏனெனில் சளியால் காதில் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறைந்த குழந்தைகள் பலர் ‘திரையால் கெட்டவர்கள்’ என்ற பெயருடன் எங்களிடம் வருகிறார்கள். அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் இந்தச் சோதனையும் பேச்சு மதிப்பீடும் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன. போகும்போது அந்தத் தாளையும் கொண்டுபோங்கள்.