எட்டிப் பார்த்தே கெடுத்த ராணி

எறும்பு வளர்க்கப் போய், முதல் ராணி எறும்பை நான் கெடுத்தது பார்த்துப் பார்த்துத்தான். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீடு 11வது மாடி. சாயங்கால மழை விட்டால் நடைபாதை விளக்கைச் சுற்றி இறக்கை எறும்புகள் மொய்க்கும். அன்றைக்கு ஒன்று இறக்கையை உதிர்த்துவிட்டுச் செருப்பு அலமாரிக்கு அடியில் ஓடியது. கட்டெறும்பு ராணி.

சோதனைக் குழாயில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் விட்டு, பஞ்சு வைத்து அடைத்து, ராணியை உள்ளே விட்டு, வாயையும் பஞ்சால் மூடினேன். அதற்குச் சாப்பாடு வைக்கக்கூடத் தேவையில்லை. இனிப் பறக்கப் போவதில்லையே, அந்தத் தசையைக் கரைத்துத்தான் முதல் குஞ்சுகளுக்கு ஊட்டும். தெரிந்தும் எனக்குப் பொறுக்கவில்லை. தினமும் குழாயைத் தூக்கி விளக்கில் பிடிப்பேன். ரவை மாதிரி ஏழெட்டு முட்டைகள். பத்தாம் நாள் ஒன்றுகூட இல்லை. அரண்டால் ராணி தன் முட்டையைத் தானே தின்றுவிடும்.

அடுத்த மழைக்குக் கிடைத்ததைக் கறுப்புத் துணியில் சுற்றி அம்மாவின் சேலை அலமாரியில் வைத்தேன். வாரம் ஒரு தடவைதான் பார்ப்பது. (“நான் எறும்புச் சாக்பீஸில் கோடு போட்டுட்டிருக்கேன், நீ ராணியைக் கூட்டிட்டு வந்து குடி வச்சிருக்கியா?” என்று அம்மா கேட்டது தனிக்கதை.)

ஆறாவது வாரம். புழுக்கள் பின்னிய, புழுங்கலரிசி மணி போன்ற கூடுகளில் ஒன்றை ராணி கடித்துக் கிழித்துக்கொண்டிருந்தது. உள்ளிருந்து வெளுத்துப்போன ஒரு கால், அப்புறம் தலை. முதல் வேலைக்காரி! சாதாரணக் கட்டெறும்பில் பாதிகூட இருக்காது. முதல் ஈடு அப்படித்தான் சின்னதாகப் பிறக்கும். இரண்டு நாள் கழித்து ஊசி முனையில் தேன் தொட்டு வைத்தேன். வயிறு புடைக்கக் குடித்துவிட்டு நேராக ராணியிடம் போய் வாயோடு வாய் வைத்து ஊட்டியது. குழாய்க்குள் வந்த பிறகு அதுதான் ராணிக்கு முதல் சாப்பாடு.

---

அண்ணே, உங்கள் எறும்புக் கதையைப் படித்தேன். உங்கள் கட்டெறும்பு சாது. நான் உட்லண்ட்ஸில் மாமரத்தடியில் பிடித்தது முசுறு ராணி, இங்கே கெரங்கா என்பார்களே அது. ராணி நல்ல பச்சை நிறம். இதன் புழுக்கள் தமக்குக் கூடு கட்டாது. அந்தப் பட்டு நூலெல்லாம் இலைகளைத் தைக்கத்தான். அதனால் கால், கண் உருவாவது வரை அப்படியே தெரியும். அழகு!

ஆனால் முதல் ஈடு வந்ததும் பஞ்சை எடுத்தேன் பாருங்கள், அத்தனையும் கையில் ஏறிவிட்டன. கடித்த இடத்தில் அமிலத்தையும் பீச்சும், எரிச்சல் தாங்கவில்லை. இப்போது டால்கம் பவுடரை ஸ்பிரிட்டில் குழைத்துப் பெட்டியின் விளிம்பில் பூசியிருக்கிறேன். ஏறிப் பார்த்துச் சறுக்கி விழுகின்றன. எட்டில் ஏழைப் பிடித்துவிட்டேன். எட்டாவது இன்னும் சோபாவில்தான் எங்கேயோ இருக்கிறது.