எவர்சில்வரில் எழுத்து மங்கலாக விழுகிறது: ஃபைபர் லேசரில் ஃபோகஸ் பிடிப்பது எப்படி?

கேள்வி (அவிநாசி)

வணக்கமுங்க. தங்கச்சி கல்யாணச் சீருக்கு அனுப்பர்பாளையத்தில் பாத்திரம் எடுத்திருக்கிறோம். பெயரை நானே வெட்டித் தருவதாக வீட்டில் சொல்லிவிட்டேன். உலோகத்தில் எழுத்து வெட்டும் மெஷின் பழையதாக வாங்கியது, 20 வாட் ஃபைபர் லேசர், 110 மி.மீ. லென்ஸ். ஃபோகஸ் உயரம் காட்டும் இரண்டு சிவப்பு விளக்குப் புள்ளிகளும் ஒன்றுசேரும் உயரத்தில்தான் லேசர் தலையை நிறுத்துகிறேன். ஆனாலும் கோடு தடித்து, சாம்பல் பூத்த மாதிரி விழுகிறது. ‘அன்பளிப்பு’ என்று போட்டால் ‘ன்’ சுழி அடைபட்டு, மேலே உள்ள புள்ளியும் அதோடு ஒட்டிக்கொள்கிறது. பவரை 80 சதவீதம் வரை ஏற்றிப் பார்த்துவிட்டேன். இன்னும் 12 நாள்தான் இருக்கிறது.

பதில் (கணபதி, கோவை)

தம்பி, பவர் மேல் தப்பில்லை. சிவப்பு விளக்குகள் வெளியே திருகில் நிற்பவை. வண்டியில் ஏற்றி இறக்கும்போது துளி அசைந்தாலும் புள்ளிகள் வேறு உயரத்தில் போய்ச் சேரும். வெட்டுகிற கதிர் 1064 நானோமீட்டர், கண்ணுக்கே தெரியாது. அது எங்கே கூர்மையாக இருக்கிறது என்பதைத் தகடுதான் சொல்லும்.

சிவப்புப் புள்ளி சேரும் உயரத்திலிருந்து தலையை 5 மி.மீ. தூக்குங்கள். 100 மி.மீ. நீளத் தகட்டின் ஒரு முனைக்குக் கீழே 10 மி.மீ. கட்டை கொடுத்துச் சாய்த்து வையுங்கள். பவரைக் குறைத்து, நீளவாக்கில் ஒரே ஒரு கோடு. தாழ்ந்த முனையிலிருந்து 10 மி.மீ. நகர்ந்தால் 1 மி.மீ. உயரம் என்று கணக்கு. கோடு எங்கே மயிரிழையாக இருக்கிறதோ அதுதான் ஃபோகஸ். நடுவில் இருந்தால் விளக்கு சரி.

அப்புறம் கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி. 1064 என்று அச்சிட்டதுதானா? நீல லேசருக்கு வந்ததை இதற்குப் போடவே கூடாது. பளபளக்கும் எவர்சில்வர் கதிரைத் திருப்பியடிக்கும், கண் போனால் வராது.

கேட்டவர்

அண்ணா, 80 மி.மீ.யில் மெலிந்திருக்கிறது! அது 8 மி.மீ. உயரம், நடுவிலுள்ள 5ஐவிட 3 அதிகம். அப்படியென்றால் இதுவரை தலை 3 மி.மீ. கூடுதல் உயரத்தில் நின்றிருக்கிறது, சரிதானே? இறக்கிப் போட்டதும் சத்தமே மாறிவிட்டது, கிர்ரென்று கேட்கிறது, பொறியும் வெள்ளையாக வருகிறது. தாம்பாளத்தில் ‘ன்’ சுழி திறந்து, புள்ளி தனியாக நிற்கிறது. கண்ணாடி 1064தான், பார்த்துவிட்டேன். ஆனால் டம்ளரில் நடு எழுத்து நன்றாக விழுந்து, ஓரம் மங்குகிறது.

பதில் (பல்லடம்)

அது வளைவுங்க. 70 மி.மீ. விட்டமுள்ள டம்ளரில் 30 மி.மீ. அகலத்துக்கு எழுதினால், ஓர எழுத்து நடுவைவிட 3.4 மி.மீ. பள்ளத்தில் கிடக்கும். உச்சிக்கு ஃபோகஸ் வைக்காமல் அதைவிட ஒன்றரை மி.மீ. கீழே வையுங்கள். அகலத்தையும் 20க்குக் குறைத்தால் பள்ளம் ஒன்றரை மி.மீ.தான், தொந்தரவே இருக்காது. பெயர் நீளமென்றால் டம்ளரைப் படுக்க வைத்து, வாயிலிருந்து அடிவரை நீளவாக்கில் வெட்டுங்கள். வாய் அகன்ற டம்ளர் என்றால், மேல்பக்கம் மட்டமாகும்வரை அடிப்பக்கத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும்.

பதில் (கணபதி, கோவை)

கணக்கு சரி தம்பி. இப்போது தலையின் அடிவிளிம்புக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளிக்கு ஒரு குச்சி அறுத்து வைத்துக்கொள்ளுங்கள். இனி சிவப்புப் புள்ளி எதற்கு?

கேட்டவர்

மூங்கில் குச்சி அறுத்தாயிற்று. 20 மி.மீ. அகலத்தில் ஒரு டம்ளர் போட்டேன், ஓர எழுத்தும் விழுந்துவிட்டது. மீதி 11 டம்ளரை இன்று ராத்திரி வெட்டுகிறேன்.