பெருவிரல் நோவில் பிரேக் மிதிக்க முடியவில்லை, இது என்ன வருத்தம்?

திருமலை ஓட்டோக்காரன்:
வணக்கம். வயது 47, திருகோணமலை பஸ் நிலையத்தடியில் ஓட்டோ ஓடுகிறேன். போன வெள்ளி இரவு இரண்டு மணியிருக்கும், வலது கால் பெருவிரலின் அடிமூட்டைக் குறட்டால் பிடித்து முறுக்கினதுபோல ஒரு நோவு. விடியப் பார்த்தால் மூட்டு சிவந்து, வீங்கி, தோல் மினுமினுக்கிறது. போர்வை பட்டாலே உயிர் போகிறது. எங்கும் இடிபடவும் இல்லை, கல் தடுக்கவும் இல்லை.

ஓட்டோவில் பிரேக் வலது காலுக்குத்தானே. இரண்டு நாள் குதிக்காலால் மிதித்துச் சமாளித்தேன். நேற்று மான் ஒன்று குறுக்கே பாய, பதறி முன்காலால் மிதித்துவிட்டேன். கண்ணில் பூச்சி பறந்தது.

மச்சான் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவினார். அப்புறம் கன்னியாவுக்குக் கூட்டிப்போய் ஏழு கிணற்றுச் சுடுதண்ணீரையும் காலில் ஊற்றினார். வீக்கம் கூடினதுதான் மிச்சம். ஒரு பாமசியில் நோக்குளிசை தந்தார்கள், வேறு மருந்து குடிக்கிறேனா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பிரஷருக்குக் குளிசை போடுகிறவன். என்ன செய்யலாம்?

உப்புவெளித் தம்பி:
நகம் சதைக்குள் வளர்ந்திருக்கும் அண்ணா. எனக்கும் வந்தது. நகத்தை வளைத்து வெட்டாமல் நேராக வெட்டுங்கள்.

பாலையூற்று அக்கா:
தம்பி, நகமென்றால் நக ஓரந்தான் நோகும். நீங்கள் சொல்வது அடிமூட்டு, அதுவும் நடுராத்திரியில் திடீரென்று. வார்ட்டில் கனகாலம் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன், இது கவுட் மாதிரி இருக்கிறது. இரத்தத்தில் யூரிக் அமிலம் கூடினால் ஊசி ஊசியாகப் பளிங்குகள் மூட்டுக்குள் படியும். உடம்பில் சூடு குறைந்த இடம் கால்விரல், அதனால் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

உருவுவதை நிறுத்துங்கள். சுடுதண்ணீரும் வேண்டாம். ஐஸைத் துவாயில் சுற்றி இருபது நிமிடம் வையுங்கள், காலைத் தலையணையில் உயர்த்தி வையுங்கள். டொக்டரிடம் பிரஷர் குளிசையின் அட்டையையும் கொண்டுபோங்கள். சிறுநீர் போகச் செய்யும் வகைக் குளிசை யூரிக் அமிலத்தை ஏற்றும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நோக்குளிசையும் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் பாதிக்கும், அதனால்தான் கேட்டுவிட்டுத் தர வேண்டும். இந்த நோவுக்குக் கொல்சிசின் நல்ல மருந்து, ஆனால் அளவை டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

காய்ச்சலோ நடுக்கமோ இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மூட்டுக்குள் கிருமி புகுந்தாலும் இதே சிவப்பு, இதே வீக்கம். சீனி வருத்தம் இருந்தாலும் சொல்லுங்கள். அது சரி, வெள்ளிக்கு முதல் என்ன சாப்பிட்டீர்கள்?

திருமலை ஓட்டோக்காரன்:
மாட்டிவிட்டேன் அக்கா. வியாழன் நிலாவெளியில் ஒரு கல்யாண வீடு. இறால், ஆட்டு ஈரல், நாலு பியர். மற்றப்படி வீட்டில் கிழமைக்கு நாலு நாள் சூடை மீன். இன்னொன்று, ஓட்டத்தில் ஒதுங்க இடமில்லை என்று பகலில் தண்ணீரே குடிக்க மாட்டேன்.

கிண்ணியா நானா:
அந்தத் தண்ணீர்தான் தம்பி பாதி வில்லங்கம். எனக்கு ஆறு வருசமாக இருக்கிறது. நோவு நேரம் எடுத்த இரத்தத்தில் யூரிக் அமிலம் கூடாமல் சாதாரண அளவில் காட்டலாம், அதைப் பார்த்துக் கவுட் இல்லையென்று நானும் ஏமாந்தேன். நோவு போய் இரண்டு, மூன்று கிழமையில் திரும்ப எடுங்கள். யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினோல் குளிசை தந்தால், சிறிய அளவில் தொடங்கி யூரிக் அமிலம் 6க்குக் கீழே இறங்கும்வரை கூட்டுவார்கள். தொடங்கின புதிதில் நோவு திரும்ப வரலாம், அதற்குப் பயந்து விட்டுவிடாதீர்கள். நான் விட்டேன், பிறகு முழங்காலும் சேர்ந்துகொண்டது. ஆனால் உடம்பில் தடிப்புப் போட்டால் உடனே நிறுத்திவிட்டு டொக்டரிடம் ஓடுங்கள். பருப்பு, கீரைக்கெல்லாம் பயம் வேண்டாம்.

திருமலை ஓட்டோக்காரன்:
ஐந்து கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். கவுட்டேதான். முதல் இரத்தத்தில் 6.3, நோவு போய் எடுத்ததில் 8.6. பிரஷர் குளிசையை டொக்டர் மாற்றிவிட்டார், அலோபியூரினோல் 100 மில்லிகிராமில் தொடங்கியிருக்கிறார். ஹாண்டிலில் தண்ணீர்ப் போத்தல் தொங்குகிறது, ஒதுங்கத் தெரிந்த கடை மூன்று பிடித்து வைத்திருக்கிறேன். பிரேக்கை முன்காலாலேயே மிதிக்கிறேன். மச்சானுக்கு மட்டும் இன்னும் அது சுளுக்குத்தான்.