முத்தையா பத்தி

(குழு: நம்ம சொந்தங்கள் 🏠)

நித்யா: பெரியப்பா, சென்னை தினத்துக்கு ஸ்கூல்ல மூணு நிமிஷம் பேசணும். எஸ்.முத்தையான்னு மிஸ் தலைப்பு குடுத்துட்டாங்க. யாரு அவரு?

பெரியப்பா: சென்னை வரலாறு எழுதின பத்திரிகைக்காரரும்மா. அந்த தினமே அவரு ஆரம்பிச்சதுதான். 2004-ல அவரு, சசி நாயர், வின்சென்ட் டிசோசா மூணு பேரும் சேர்ந்து.

பெரியம்மா: திங்கக்கிழமை ஹிந்து பேப்பர் வந்தா போதும், முத்தையா எழுதுறதைப் படிக்க உங்க பெரியப்பா மெட்ரோ பிளஸ் இணைப்பை உருவிட்டுப் போயிடுவாரு. காபி ஆறிடும்.

கார்த்தி அண்ணன்: வெள்ளைக்காரன் கட்டின கட்டடத்தைப் பத்தி இங்கிலீஷ்ல எழுதினவருதானே? 2002-ல அவங்ககிட்ட எம்பிஇ-ங்கிற பிரிட்டிஷ் அரசாங்கப் பட்டமும் வாங்கினாரு 😏

பெரியப்பா: கட்டடம் மட்டும்னு யார் சொன்னா? டாக்டர், வக்கீல், அச்சகம், கம்பெனி, கிரிக்கெட் எல்லாம் எழுதினாருடா. ஹிந்துல அவரோட வாரப் பத்தி 'மெட்ராஸ் மிஸெலனி' 1999-ல ஆரம்பிச்சு கிட்டத்தட்ட 20 வருஷம் வந்துச்சு.

நித்யா: சென்னையில பொறந்தவரா?

பெரியப்பா: இல்ல, செட்டிநாடு. பள்ளத்தூர், 1930. சின்ன வயசு கொழும்புல. அங்கயே 'டைம்ஸ் ஆஃப் சிலோன்' பத்திரிகையில 17 வருஷம் வேலை. 1968-லதான் இங்க வந்தாரு. வந்து மேப் போடுற கம்பெனியில சேர்ந்தாரு, டி.டி.மேப்ஸ். 1981-ல 'மெட்ராஸ் டிஸ்கவர்டு' புத்தகம். ஒவ்வொரு பதிப்புக்கும் அது பெருத்துக்கிட்டே போச்சு.

ரமா அத்தை: கிழக்கு பதிப்பகத்துல அது தமிழ்லயும் வந்திருக்கு நித்யா. 'சென்னை மறுகண்டுபிடிப்பு'. என்கிட்ட இருக்கு, வந்து எடுத்துக்க. போன தடவை எடுத்த டிபன் பாக்ஸையும் கொண்டா.

பெரியப்பா: இதை மட்டும் விடாம சொல்லு. அந்தப் பத்தியில 'தபால்காரர் கதவைத் தட்டினப்போ'ன்னு அர்த்தம் வர்ற மாதிரி ஒரு பகுதி வரும். நீங்க எழுதினது தப்பு, எங்க தாத்தாதான் அங்க இருந்தாருன்னு வாசகர் எழுதுவாங்க. அதையும் அச்சுல போடுவாரு. பாதி ஊர் வரலாறு அப்படி வீட்டு அலமாரியில இருந்து வந்ததுதான்.

கார்த்தி அண்ணன்: சரி, அது நல்ல விஷயம். ஆனா வடசென்னைக்காரங்க எத்தனை பேரு அந்தப் பேப்பர் வாங்கி லெட்டர் போட்டிருப்பாங்க?

பெரியப்பா: அந்தக் கேள்வி நியாயம்தான். அதையும் பேசட்டும், மிஸ் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

ரமா அத்தை: பீச் ரோடு டிஜிபி ஆபீஸை இடிக்கப் பாத்தாங்களே, அதை விட்டுட்டியேண்ணா.

பெரியப்பா: ஆமா! பழைய கட்டடங்களைப் பாதுகாக்கப் பாடுபடுற இன்டாக் அமைப்பு கோர்ட்டுக்குப் போச்சு. முத்தையா 1991-ல தொடங்கின 'மெட்ராஸ் மியூசிங்ஸ்' பத்திரிகை விடாம எழுதுச்சு. கட்டடம் இன்னும் நிக்குது.

நித்யா: கம்ப்யூட்டர்லதான் எழுதுவாரா?

பெரியப்பா: கடைசி வரைக்கும் டைப்ரைட்டர். 2019 ஏப்ரல்ல, 89 முடிஞ்ச ஒரே வாரத்துல போயிட்டாரு.

நித்யா: மூணு நிமிஷம்தான் பெரியப்பா 😭

கார்த்தி அண்ணன்: கொழும்பு, தபால்காரர், டிஜிபி ஆபீஸ். இந்த மூணு போதும். எம்பிஇ-யை விட்டுடு.

பெரியப்பா: அதை ஏன் விடணும்? 😠